மேல்சபையில் தனித்தொகுதி இல்லை

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் மாநிலங்களவையை இன்றும் மேல்சபை என்றுதான் சொல்வார்கள். மக்களவை, கீழ்சபை. ஒரு கூட்டத்தில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, "அங்கயும் மேல கீழன்னு பிரிச்சுத்தான் வெச்சிருக்கானுங்களா?" என்று ஓர் அம்மா கேட்டார். எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டுப் போய்விடக்கூடிய கேள்வி இல்லை அது.

பிரித்து வைத்தவன் வெள்ளைக்காரன். 1919ஆம் ஆண்டுச் சட்டம்தான் மத்தியில் இரண்டு சபைகளைக் கொண்டுவந்தது. மேல்சபைக்கு 60 பேர். அதற்கு ஓட்டுப்போடும் உரிமை பெருஞ்சொத்து உள்ளவர்களுக்கே இருந்தது. ஜமீன்தாரும் முதலாளியும் கூடிய இடம். கீழ்சபையிலும் நமக்குக் கதவு திறந்துவிடவில்லை, எம்.சி.ராஜா 1927இல் உள்ளே போனது நியமனத்தால்தான், ஓட்டால் அல்ல.

1950இல் சொத்துத் தகுதி போயிற்று. இரண்டு சபை நின்றது. மக்களவையில் 543 பேர், ஐந்தாண்டு. மாநிலங்களவையில் 245 பேர், ஆறாண்டு. அவர்களில் 12 பேர் குடியரசுத் தலைவரின் நியமனம். மற்றவர்களைப் பெரும்பாலும் மாநில எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். மேல்சபையை யாரும் கலைக்க முடியாது. பண மசோதாவை அது 14 நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. ஆனால் அரசியல் சட்டத்தைத் திருத்துவதென்றால் இரண்டு சபையும் தனித்தனியே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தர வேண்டும். 1970இல் மன்னர்களின் மானியத்தை ஒழிக்கும் மசோதா இப்படித்தான் மேல்சபையில் விழுந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. ஒரே ஒரு ஓட்டு குறைந்ததால் ராஜாக்கள் அப்போதைக்குத் தப்பித்தார்கள்.

தனித்தொகுதி கீழ்சபையில் மட்டும்தான். பட்டியல் சாதியினருக்கு 84, பழங்குடியினருக்கு 47. மேல்சபைக்கு அரசியல் சட்டம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தனித்தொகுதியின் ஆயுளைப் பத்தாண்டுக்கொருமுறை நீட்டிக்க அந்தச் சபையும் கைதூக்க வேண்டும். கடைசியாக 2019இல் தூக்கியது. 2030 ஜனவரி வரை கெடு.

அப்படியானால் மேல்சபையிலும் ஒதுக்கீடு கேட்போம் என்கிறார்கள் தோழர்கள். கேட்கத்தான் வேண்டும். கேட்பதற்கு முன்னால் 1952ஐக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

முதல் பொதுத்தேர்தலில் பாபாசாகேப் வடக்கு பம்பாயில் நின்றார். அது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு இடம் பொது, ஒரு இடம் தனி. தனி இடத்துக்குத்தான் நின்றார். ஆனால் அதற்கும் ஓட்டுப் போடுகிறவர்கள் தொகுதி முழுக்க இருக்கிற எல்லோரும். சுமார் 14,000 ஓட்டில் காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோல்வி. நம் பெயர் எழுதிய கதவு, நம் ஆளை உள்ளே விடவில்லை. 1932 செப்டம்பர் 24 அன்று எரவாடா சிறையில் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தின் கணக்கு இதுதான். மாகாணங்களில் இடம் 148 ஆகக் கூடியது. நம் ஆளை நாமே தேர்ந்தெடுக்கும் ஓட்டு பறிபோனது.

அவர் நாடாளுமன்றத்துக்குள் போனது மேல்சபை வழியாக. 1952இல் பம்பாய் சட்டசபை அனுப்பியது. அங்கே அவர் கட்சிக்குப் பலமே கிடையாது. ஆனால் அந்தத் தேர்தல் விகிதாச்சார முறையில் நடப்பது. பெரும்பான்மை தேவையில்லை, ஒரு பங்கு ஓட்டு இருந்தால் போதும். மற்ற எதிர்க்கட்சியினரின் ஓட்டும் சேர்ந்து அவரை அனுப்பிவைத்தது. 1956 டிசம்பரில் கண்மூடும்வரை அந்தச் சபையின் உறுப்பினராகவே இருந்தார். ஆக, மேல்சபையா கீழ்சபையா என்பதைவிட, ஓட்டை எப்படி எண்ணுகிறான் என்பதல்லவா விஷயம்?

2012ஐயும் சொல்லிவிட வேண்டும். பதவி உயர்வில் ஒதுக்கீட்டுக்கான திருத்த மசோதாவை ஒதுக்கீடே இல்லாத மேல்சபை 206க்கு 10 என்று நிறைவேற்றியது. கீழ்சபையில் அமைச்சர் கையிலிருந்த தாளையே பிடுங்கினார்கள். அது ஓட்டெடுப்புக்கு வரவேயில்லை. 2014இல் சபையோடு சேர்ந்து காலாவதியாயிற்று. தனித்தொகுதியிலிருந்து போன 131 பேர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். கொறடா உத்தரவை மீறினால் பதவியே போய்விடும் என்று 1985லேயே சட்டம் போட்டாயிற்று.

தமிழ்நாட்டுக் கணக்கைப் பாருங்கள். இங்கிருந்து ஒவ்வொரு முறையும் ஆறு பேர் மேல்சபைக்குப் போகிறார்கள். 234 எம்.எல்.ஏ.க்களில் 34 பேரின் ஓட்டு ஒருவரை அனுப்பப் போதும். பட்டியல் சாதித் தனித்தொகுதி எம்.எல்.ஏ.க்கள் மட்டும் 44 பேர். யாரிடமும் கேட்காமல் ஒருவரை அனுப்பலாம். அப்படிப் போட்டால் கட்சித்தாவல் சட்டப்படி பதவி பறிபோகாது என்று 2006இல் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் 2003இல் ஒரு திருத்தம் வந்தது. ஓட்டுச்சீட்டைக் கட்சியின் ஏஜெண்டிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும்.