வேலியோரப் பழமும் ஒரு போத்தல் ஜின்னும்

ஸ்லோ பழத்தைப் பச்சையாக ஒருமுறை கடித்தவர்கள் இரண்டாம் முறை கடிக்க மாட்டார்கள். அவ்வளவு துவர்ப்பு. பார்ப்பதற்கு நம்மூர்க் களாப்பழம் மாதிரி இருக்கும்: கருநீல நிறம், மேலே சாம்பல் பூத்தது போல ஒரு படிவு. உள்ளே மட்டும் ஒற்றைக் கொட்டை. செடியும் முட்செடிதான். பிளாக்தார்ன் என்பது அதன் பெயர். மார்ச், ஏப்ரலில் இலை விடுவதற்கு முன்பே வெள்ளையாகப் பூத்துவிடும். செப்டம்பர், அக்டோபரில் வயல் வேலிகளில் பழம் கறுத்துத் தொங்கும்.

இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயரில் நான் குடியிருந்த காலத்தில், பக்கத்து வீட்டில் எண்பதைத் தொட்ட ஒரு பெண்மணி இருந்தார். ஓர் அக்டோபர் மாதம் என்னைப் பழம் பறிக்கக் கூட்டிப்போனார். முதல் உறைபனி விழுந்த பிறகுதான் பறிக்க வேண்டும் என்பது அவருடைய அம்மா சொல்லிக்கொடுத்த பாடம். பனியில் தோல் தளர்ந்து சாறு எளிதாக இறங்குமாம். இப்போது அவரும் எல்லோரையும் போலப் பழத்தை ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்துவிடுகிறார்.

செய்முறை எளிது. அரைக் கிலோ பழத்தைக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றையும் முள்கரண்டியால் குத்த வேண்டும். அந்தச் செடியின் முள்ளாலேயே குத்துவதுதான் பழைய வழக்கம். அகன்ற வாய் ஜாடியில் பழத்தையும் கால் கிலோ சர்க்கரையையும் போட்டு, ஒரு லிட்டர் ஜின் ஊற்றி மூட வேண்டும். முதல் வாரம் தினமும் குலுக்க வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை. மூன்று மாதம் இருட்டில் இருந்தால் போதும், மாணிக்கச் சிவப்பில் இறங்கிவிடும். மெல்லிய துணியில் வடிகட்டி போத்தலில் அடைக்கலாம். எங்கள் வீட்டில் அம்மா நெல்லிக்காயைக் குத்தித் தேனில் ஊறப்போடுவாள். அதே வேலை, அதே பொறுமை.

ஆனால் அன்று என் கை தயங்கியது. சாராயத்தால் குலைந்த வீட்டில் வளர்ந்தவள் நான். மது என்றால் எனக்கு அப்பாவின் நடை, அடகுக்கடைக்குப் போன அம்மாவின் தோடு. மதுவைப் பற்றிப் பெண்கள் பேசினால் அது எதிர்ப்பாகத்தான் இருக்க முடியும் என்று நம்பியிருந்தேன். இங்கே ஒரு பாட்டி தன் அம்மாவின் கைப்பக்குவமாக அதை எனக்குக் கற்றுக்கொடுக்கிறார். இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துவைப்பது என்று தெரியாமல்தான் இந்த வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் தெரிந்துகொண்டது, வடித்தலும் ஊறப்போடுதலும் ஒருகாலத்தில் இங்கே பெண்களின் கல்வியாக இருந்தன என்பது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வசதியான வீடுகளில் வாலை வடிப்பதற்கென்றே தனி அறை இருந்தது. பன்னீர், மூலிகை நீர், காய்ச்சலுக்கான மருந்து, பழமது எல்லாம் அங்கேதான் தயாராயின. ஜெர்வாஸ் மார்க்கம் 1615இல் எழுதிய ‘இங்கிலீஷ் ஹவுஸ்வைஃப்’ என்ற நூல், வடித்தலை இல்லத்தரசி அறிந்திருக்க வேண்டிய திறன்களில் ஒன்றாகச் சொல்கிறது. ஹன்னா வுல்லி 1661 முதல் இத்தகைய செய்முறை நூல்களைத் தன் பெயரிலேயே வெளியிட்டு வருமானம் ஈட்டினார்.

அச்சேறாதவை இன்னும் அதிகம். எலினார் ஃபெட்டிபிளேஸ் என்ற பெண்ணின் கையெழுத்துச் செய்முறை ஏடு 1604ஆம் ஆண்டு தேதியிட்டது. 1647இல் அதைத் தன் மருமகள் முறையான ஆன் ஹார்னருக்குக் கொடுத்துச் சென்றார். மணமான பெண்ணின் சொத்து கணவனுக்கே என்றிருந்த நாடு அது. அந்த நிலை பெருமளவு மாற 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. நிலமும் வீடும் ஆண்வழி இறங்கிய காலத்தில், செய்முறை ஏடு பெண்வழி இறங்கியிருக்கிறது. அதற்குச் சந்தை மதிப்பு இருப்பதாக யாரும் நினைக்கவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மதிப்பு தெரிந்ததும் நிலைமை மாறியது. 1638இல் முதலாம் சார்லஸ் மன்னர் லண்டன் வடிப்போர் சங்கத்துக்குச் சாசனம் கொடுத்தார். அதற்கு முன்னின்றவர்கள் அரச மருத்துவர்கள். வீட்டில் செய்தால் பெண்ணின் கடமை. சங்கத்தில் செய்தால் ஆணின் தொழில். இந்தப் பிரிவினையை நாம் சமையலிலும் மருத்துவத்திலும் நெசவிலும் பார்த்திருக்கிறோம்.

ஜின்னின் கதை இதற்குப் பிறகு வருகிறது. ஜூனிபர் காயின் மணமேற்றிய ‘யெனேவர்’ என்னும் டச்சுச் சாராயம்தான் அதன் மூலம். 1688இல் ஆரஞ்சு இளவரசர் வில்லியம் இங்கிலாந்துக்கு வந்து, அடுத்த ஆண்டு முடிசூடினார். பிரான்சோடு போர் மூண்டதால் பிரெஞ்சுப் பிராந்திக்குத் தடை வந்தது. 1690ஆம் ஆண்டுச் சட்டம், உள்நாட்டுத் தானியத்திலிருந்து வடிப்பதைக் கிட்டத்தட்ட யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று திறந்துவிட்டது. லாபம் நிலவுடைமையாளர்களுக்கு. அவர்களுடைய உபரித் தானியத்துக்கு நிரந்தரச் சந்தை கிடைத்தது; அரசுக்கு வரி கிடைத்தது. 1743இல் வரி கட்டப்பட்ட சாராயம் மட்டும் 80 லட்சம் காலன் அளவுக்குப் போயிருந்தது.

இதைத் தெருவில் விற்றவர்களில் கணிசமானவர்கள் பெண்கள். விதவைகள், கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், கூடைக்காரிகள். தொழிற்சங்கங்களில் அவர்களுக்கு இடமில்லை. கடை வைக்க முதலும் இல்லை. ஜின் விற்க ஒரு குடுவையும் ஒரு குவளையும் போதும். குடித்தவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். ஆண்களின் மதுக்கூடத்தில் இடம் கிடைக்காதவளுக்கு மளிகைக் கடையிலும் தள்ளுவண்டியிலும் ஜின் கிடைத்தது.

1736ஆம் ஆண்டு ஜின் சட்டம் சில்லறை விற்பனை உரிமத்துக்கு 50 பவுண்டு கட்டணம் வைத்தது. கூடைக்காரி கனவிலும் காணாத தொகை. பெரிய ஆலை வைத்து வடித்தவர்கள் மேல் சட்டத்தின் கை படவில்லை. உரிமமில்லாமல் தெருவில் சுமந்து விற்றால் 10 பவுண்டு அபராதம். கட்ட முடியாதவர்களுக்குச் சிறை. காட்டிக்கொடுப்பவருக்கு 5 பவுண்டு வெகுமதி. சட்டம் அமலுக்கு வந்த நாளில் மக்கள் ‘மேடம் ஜெனிவா’வுக்குச் சவ ஊர்வலம் நடத்தினார்கள். ஜின்னுக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் அது. பானத்துக்கே பெண் பெயர்தான். பின்னால் வந்த பட்டப்பெயர் ‘தாயின் நாசம்’. தந்தையின் நாசம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

இந்த இடத்தில் ஜூடித் டிஃபோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டு நூல் முறுக்கும் பட்டறையில் இரவு வேலை பார்த்தவள். மணவாழ்வுக்கு வெளியே பிறந்த அவளுடைய இரண்டு வயது மகள் மேரி ஏழையர் விடுதியில் இருந்தாள். 1734 ஜனவரியில் குழந்தையை வெளியே கூட்டி வந்த ஜூடித், அதைக் கழுத்தை நெரித்துப் பள்ளத்தில் போட்டுவிட்டு, விடுதி கொடுத்திருந்த புதுத் துணிகளை விற்றாள். கிடைத்தது ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ். அந்தக் காசு ஜின்னுக்குப் போனது. அவளைத் தூக்கிலிட்டார்கள். அவளுக்குப் புத்தி நிலையில்லை என்று அவள் தாய் நீதிமன்றத்தில் சொன்னது எடுபடவில்லை.

இந்தக் கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தக் குழந்தையை நினைக்காமல் இந்தப் பத்தியை எழுத என்னால் முடியவில்லை. நான் கேட்பது வேறு. அந்த ஊரில் எத்தனையோ ஆண்கள் குடித்துக் குடும்பத்தைச் சாகவிட்டிருப்பார்கள். ஆனால் ஜின் என்றதும் நினைவில் நின்றவள் அவள்தான். 1751இல் வில்லியம் ஹோகார்த் வெளியிட்ட ‘ஜின் லேன்’ ஓவியத்தின் நடுவே ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள். மார்பு திறந்திருக்கிறது, காலில் புண்கள், முகத்தில் மயக்கச் சிரிப்பு. மூக்குப்பொடி எடுக்கும் அவள் கையிலிருந்து குழந்தை தலைகுப்புற விழுகிறது. ஜூடித்தின் நிழல் அதில் இருக்கிறது என்று பலர் கருதுகிறார்கள். அதே படத்தில் அடகுக்கடைக்காரன் செழிப்பாக நிற்கிறான். தானியம் விற்ற நிலக்கிழார் படத்திலேயே இல்லை.

அந்த நிலக்கிழாரைத் தேடித்தான் நான் மறுபடி வேலியோரத்துக்கு வந்தேன். நாங்கள் பழம் பறித்த வேலி, அளவுகோல் வைத்துக் கிழித்தது போல நேராக ஓடுகிறது. இங்கிலாந்தின் சில வேலிகள் பல நூற்றாண்டுப் பழமையானவை. ஆனால் நார்த்தாம்ப்டன்ஷயரின் நேர்க்கோட்டு வேலிகள் பெரும்பாலும் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தவை. ஊருக்குப் பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலத்தையும் திறந்த வயலையும் அளந்து, பிரித்து, தனிச்சொத்தாக்கி முள்செடி நட்டு அடைத்தார்கள். 1604 முதல் 1914 வரை இப்படி 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறின. 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், அடைபட்டது. வேலிக்கு நட்ட செடிகளில் ஒன்று பிளாக்தார்ன்.

அந்தப் பொதுநிலத்தில் யார் உழைத்தார்கள்? பசுவை மேய்த்தவள், சுள்ளி பொறுக்கியவள், அறுவடைக்குப் பின் சிந்திய கதிர் பொறுக்கியவள், காட்டுப்பழம் பறித்தவள். பொருளாதார வரலாற்றாசிரியர் ஜேன் ஹம்ப்ரிஸ் 1990இல் எழுதிய கட்டுரையில் இதைக் காட்டுகிறார்: பொதுநிலம் போனபோது பெண்களும் குழந்தைகளும் ஈட்டிய பங்கு போயிற்று, குடும்பம் ஆணின் கூலியை நம்பி நிற்க வேண்டியதாயிற்று. சஃபோக்கின் டிம்வொர்த் ஊரில் கதிர் பொறுக்கிய மேரி ஹௌட்டன் மீது நிலக்காரர் வழக்குப் போட்டார். கதிர் பொறுக்குவது ஏழைகளின் உரிமை அல்ல என்று 1788இல் நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்.

பின்னாளில் தேவை வந்தபோது இதே வேலைக்கு மரியாதை வந்தது. இரண்டாம் உலகப் போரில் பழ இறக்குமதி குறைந்ததும், வைட்டமின் சி கிடைக்கட்டும் என்று வேலிகளிலிருந்து காட்டு ரோஜாக் காய்களைப் பறித்துத்தரச் சொல்லி அரசே பெண்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் கேட்டுக்கொண்டது. ஒரு நூற்றாண்டில் அத்துமீறல், இன்னொன்றில் தேசத்தொண்டு. பழம் அதேதான், பறித்த கைகளும் அதேதான்.

இன்று அங்கே 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம், தானாக விளைந்த பழத்தைச் சொந்த உபயோகத்துக்குப் பறிப்பது திருட்டாகாது என்கிறது. விற்பதற்காகப் பறித்தால் திருட்டு. வரி கட்டிய ஜின்னில் பழத்தை ஊறப்போடலாம். உரிமமில்லாமல் ஜின்னையே வடித்தால் குற்றம். பெண் வீட்டுக்குள் பரிசுப்பொருளாகச் செய்கிறவரை சட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை. அதை வைத்துப் பிழைக்க நினைக்கும்போதுதான் 50 பவுண்டுக் கூடைக்காரியின் கதை திரும்புகிறது.

இதையெல்லாம் படித்ததால் மதுவின் மேல் எனக்கு அன்பு வந்துவிடவில்லை. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்குப் போன நாகம்மையும் கண்ணம்மாவும் என் முன்னோடிகள்தான். இன்று மதுக்கடை முன்னால் உட்காரும் பெண்களோடுதான் நானும் உட்காருவேன். ஆனால் ஒரு பழக்கத்தை விட்டுவிட்டேன். குடியால் அழிந்த குடும்பத்தைப் பார்த்தால், வீட்டுக்குள்ளேயே குற்றவாளியைத் தேடும் பழக்கம். யார் வடித்தார், யாருக்கு வரி போனது, யாருடைய நிலம் பறிபோனது என்று இப்போது முதலில் கேட்கிறேன். அப்பாவைப் பற்றியும் அப்படிக் கேட்டுப் பார்த்தேன். கோபம் குறையவில்லை, ஆனால் அது போய்ச்சேர வேண்டிய இடங்கள் கூடியிருக்கின்றன.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் பாட்டி ஜாடியை வடிகட்டினார். நான் துணியைப் பிடித்துக்கொண்டேன். விரலெல்லாம் சிவந்துவிட்டது. சிறு குவளையில் ஊற்றிக்கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன். துவர்ப்பு போகவில்லை, அடியில் இருந்தது. மிச்சத்தை அவரிடமே கொடுத்துவிட்டு, செய்முறையை அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொண்டேன். அம்மாவின் தேன்நெல்லிக்கு அடுத்த பக்கத்தில் அது இருக்கிறது.