பாலாற்றுத் தோல் தொழிலும் கல்லூரிகளும்

வேலூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவை பாலாற்றுப் பகுதியின் தோல் தொழில் ஊர்கள். 2019 வரை ஒரே வேலூர் மாவட்டத்தில் இருந்த இவை, இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் உள்ளன. தொழிற்சாலைகள் இங்கே இருந்தாலும், அவற்றுக்குத் தொழில்நுட்பம் தந்த கல்லூரியும் ஆய்வகமும் சென்னையில் அமைந்தன. பல்கலைக்கழகமும் தொழிலும் கைகோத்து வளர்ந்ததற்கு இந்தியாவில் காட்டப்படும் நல்ல எடுத்துக்காட்டுகளில் இதுவும் ஒன்று. ஆனால் அந்தக் கூட்டுறவு தொழிலை வளர்த்த வேகத்தில் ஆற்றைக் காக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு முழுமையாகும்.

பேராசிரியர் தொடங்கிய குரோம் தோல்

பழைய முறையில் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊற வைத்து, மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பல வாரங்கள் கிடத்துவார்கள். இறுதியில் கடுக்காய் நீரில் இட்டு, எண்ணெய் பூசி உலர்த்துவார்கள். இப்படிப் பதனிட்ட தோல் 'ஈ.ஐ. தோல்', அதாவது கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் இலண்டன் சந்தைக்குப் போனது. சாயமேற்றி, மெருகிட்டு, காலணியாக்கும் வேலையும் அதன் இலாபமும் அங்கேயே நடந்தன.

அமெரிக்காவில் 1880களில் குரோமிய உப்பால் பதனிடும் முறை வந்தது. வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. சென்னை மாகாணத்தில் இதைச் சோதித்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். 1888இல் பொறியியல் பேராசிரியராகச் சென்னைக்கு வந்த அவர், பின்னர் சென்னைக் கலைப் பள்ளியின் பொறுப்பையும் ஏற்றார். அங்கே அலுமினியப் பாத்திரம் செய்து காட்டியவர், 1903 முதல் குரோம் தோலில் இறங்கினார். அவர் கண்டறிந்த பயன்களில் ஒன்று நம்மூர்க் கிணற்றுக்கானது. மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலையின் தோல் பை எப்போதும் நீரில் நனைவது. பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலைவிடக் குரோம் தோல் நீரைத் தாங்கும். ஐரோப்பியச் சந்தையை மட்டுமே பார்த்திருந்தால் இந்த எண்ணம் தோன்றியிருக்காது.

அரசே தொழில் நடத்துவதை ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தனர். 1910இல் இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபு, அரசு தொழிற்கல்வி தரலாம், வணிகம் செய்யக்கூடாது என்ற கொள்கையை வலியுறுத்தினார். அரசின் குரோம் தோல் ஆலையும் கைமாறியது. விதை மட்டும் வீணாகவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரம் அருகே தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்தது.

கல்லூரி வளாகத்தை ஒட்டி ஆய்வகம்

1944இல் அழகப்பச் செட்டியார் அளித்த நன்கொடையால், துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் காலத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி உருவானது. அங்கே வேதிப் பொறியியல், நெசவு ஆகியவற்றுடன் தோல் தொழில்நுட்பமும் பட்டப் படிப்பாயிற்று. 1948இல் அதன் அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பின்னாளில் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. தோல் தொழில்நுட்பத் துறை இன்றும் ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில்தான் இயங்குகிறது. ஆய்வு செய்யும் அறிவியலாளர் பாடமும் நடத்துகிறார்; படிக்கும் மாணவர் அங்குள்ள மாதிரித் தொழிற்கூடத்தில் தோலைத் தொட்டுப் பழகுகிறார்; பட்டம் பெற்றவர் ஆம்பூருக்கோ இராணிப்பேட்டைக்கோ வேலைக்குப் போகிறார். ஒப்பந்தங்களைவிட இந்த அண்மையே அதிகம் சாதித்தது எனலாம்.

இதற்கு உயிர் கொடுத்தவர் யெலவர்த்தி நாயுடம்மா. ஆந்திரத்தின் தெனாலிப் பகுதி உழவர் குடும்பத்தில் 1922இல் பிறந்து, அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். 1958 முதல் 1971 வரை நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். பதனிடும் கலவை குடும்ப இரகசியமாகக் காக்கப்பட்ட தொழிலில், டேனரிக்காரர்களை ஆய்வகத்துக்குள் வரவழைப்பது எளிதான காரியமன்று. 1985இல் ஏர் இந்தியா 'கனிஷ்கா' விமானத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் அவர் இறந்தார்.

1973இல் இந்தக் கூட்டுறவுக்குச் சோதனை வந்தது. பதனிடாத தோலின் ஏற்றுமதியைத் தடை செய்த மத்திய அரசு, அரைகுறையாகப் பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு விதித்தது. தலைமுறைகளாக ஈ.ஐ. தோல் மட்டுமே அனுப்பி வந்தவர்கள் முழுத் தோலும் காலணியும் செய்தாக வேண்டியதாயிற்று. சாயம், மெருகு, தரச் சோதனை ஆகியவற்றுக்கு ஆய்வகமும் பட்டதாரிகளும் ஆயத்தமாக இருந்ததால் மாற்றம் நடந்தது. ஆம்பூர் காலணி நகரமானது அதன் பிறகுதான்.

ஆறு கேட்ட கேள்வி

குரோம் தோல் பெருகியதும் கழிவு நீரும் பெருகியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று அதில் குறிப்பிடப்பட்டது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனது என்ற ஆய்வையும் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. அந்த ஆய்வைச் செய்தது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் மையம். ஆக, ஒரு பல்கலைக்கழகம் தொழிலுக்குத் துணை நின்றது. இன்னொன்றின் அளவீடு உழவர்களுக்குச் சாட்சியாயிற்று. பல்கலைக்கழகத்தின் பயனைப் பேசும்போது இந்த இரண்டாவது வேலை பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அத்தீர்ப்பு அறிவித்தது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வேகமெடுத்தன. கழிவு நீரிலிருந்து குரோமியத்தை மீட்டு மறுபடி பயன்படுத்துதல், சுண்ணாம்புக்குப் பதில் நொதிகளால் மயிர் நீக்குதல் போன்ற ஆய்வக முறைகளுக்கு அதன் பிறகே பெரிய வரவேற்பு கிடைத்தது. ஏட்டில் இருந்த முறை தொழிற்சாலைக்குப் போக, நீதிமன்றம் தள்ள வேண்டியிருந்தது.

உள்ளூர்க் கல்லூரிகள்

தோல் வணிகர்கள் கல்விக்குச் செய்த கொடை தனி வரலாறு. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தொடங்கியது. மேல்விஷாரத்தின் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இல் உருவானது. அதன் பெயருக்குரியவரும் தோல் வணிகரே. இவை கலை, அறிவியல் பட்டங்களைத் தந்து, முதல் தலைமுறை மாணவர் பலரை முன்னேற்றின. ஆயினும் தோல் தொழில்நுட்பம் படிக்க விரும்பியவர் சென்னைக்கே போக வேண்டியிருந்தது. குழியில் இறங்கி வேலை செய்த தொழிலாளிக்கோ, அவருள் பெரும்பாலோரான தலித் மக்களுக்கோ, இந்தக் கூட்டுறவு பாதுகாப்பான வேலையிடத்தைத் தந்துவிடவில்லை. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் சுத்திகரிப்பு நிலையக் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தனர்.

எஞ்சியுள்ள உப்பு

அண்மைக் காலத்தில் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நீரில்லாக் குரோம் பதனிடும் முறையை உருவாக்கியுள்ளது. குரோமியம் ஏற்றும் கட்டத்தில் மட்டும் நீர் தேவைப்படாது. ஊறவைக்கவும் சுண்ணாம்பிடவும் நீர் வேண்டும். இதைவிடக் கடினமானது உப்பு. பச்சைத் தோல் அழுகாதிருக்கத் தடவும் உப்பு, முதல் கழுவலிலேயே நீரில் கலந்துவிடுகிறது. வழக்கமான சுத்திகரிப்பு அதைப் பிரிக்காது. எனவே கழிவு நீரை வெளியே விடாத நிலையங்களில் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்து, மிஞ்சியதை ஆவியாக்குகிறார்கள். மின்செலவு மிகுந்த வேலை. அதன் முடிவில் கிடைப்பது சமையலுக்கோ தொழிலுக்கோ உதவாத கலப்பு உப்பு. அது மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் சேர்கிறது. மழை நனைத்தால் மீண்டும் மண்ணுக்குள் இறங்கிவிடும்.