மூக்கு தந்த முன்னறிவிப்பு

காது, மூக்கு, தொண்டை ஆகிய மூன்றையும் ஒரே மருத்துவர் கவனிப்பது ஏன் என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? இம்மூன்றும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்தவை. மூக்கின் பின்புறம் தொண்டையில் திறக்கிறது. தொண்டையின் மேற்பகுதியிலிருந்து ஒரு சிறு குழல் நடுக்காதுக்குச் செல்கிறது. அதனால்தான் சளி பிடித்தால் காதும் அடைத்துக்கொள்கிறது.

இவ்வுறுப்புகளைச் சோதிக்கும் மருத்துவர் நோயாளியின் முகத்துக்கு வெகு அருகில் அமர்ந்தாக வேண்டும். நோயாளி வாயைத் திறந்து ‘ஆ’ என்று சொல்லும்போது அவருடைய மூச்சு மருத்துவரின் முகத்தில் படுகிறது. மூச்சு வழியே பரவும் பெருந்தொற்றுக் காலத்தில் இதைவிட இடர் மிகுந்த இருக்கை எது? ஆயினும் 2020ஆம் ஆண்டில் அந்த இருக்கையிலிருந்துதான் கோவிட் நோயைப் பற்றிய முக்கியமான செய்தி ஒன்று உலகுக்குக் கிடைத்தது. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில் 18 பேரை ஆராய்ந்து 2020 பிப்ரவரியில் வெளியான ஓர் ஆய்வு, தொண்டையைவிட மூக்கிலேயே கொரோனா வைரஸ் மிகுந்திருப்பதைக் காட்டியது. அவர்களுள் நோய்க்குறி ஏதுமில்லாத ஒருவரிடமும் மற்றவர்களிடம் இருந்த அளவுக்கே வைரஸ் காணப்பட்டது. மூக்கு மருத்துவர்கள் இதன் பொருளை உடனே உணர்ந்தனர். மூக்கினுள் குழாய்க் கருவியைச் செலுத்தினால் நோயாளி தும்முவார். எலும்பைத் துளைக்கும் கருவியோ நுண்துளிகளைக் காற்றில் சிதறச் செய்யும். ஆகவே பல நாடுகளில் அவசரமற்ற சோதனைகளும் அறுவைகளும் ஒத்திவைக்கப்பட்டன.

ஒரு பணியை மட்டும் நிறுத்த இயலவில்லை. பல நாள் செயற்கை மூச்சுக் கருவியின் உதவியில் இருந்தவர்களில் பலருக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலுக்கு நேர்வழி அமைக்க வேண்டியிருந்தது. மருத்துவர்கள் உடல் முழுவதும் காப்புடை அணிந்து, மூச்சுக்குழலைத் திறக்கும் அந்தச் சில நொடிகளுக்குக் கருவியின் காற்றோட்டத்தை நிறுத்தி, இதனைச் செய்தார்கள்.

இனி அந்தச் செய்திக்கு வருவோம். 2020 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனமும் சீனாவும் கூட்டாக வெளியிட்ட அறிக்கை 55,924 நோயாளிகளின் நோய்க்குறிகளைத் தொகுத்திருந்தது. காய்ச்சல் 87.9 விழுக்காடு, வறட்டு இருமல் 67.7 விழுக்காடு, மூக்கடைப்பு 4.8 விழுக்காடு என்று அந்தப் பட்டியல் நீண்டது. வாசனை அறியும் திறனை இழத்தல் என்பது அதில் இடம்பெறவில்லை.

ஆனால் வைரஸ் தொற்றினால் முகர்திறன் கெடலாம் என்பது மூக்கு மருத்துவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த ஒன்று. 2020 மார்ச்சில், காய்ச்சலோ இருமலோ இன்றித் திடீரென வாசனை தெரியாமற்போன பலர் அவர்களை நாடினர். மார்ச் 20ஆம் நாள் பிரிட்டனின் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத் தலைவர் நிர்மல் குமார், மூக்கு மருத்துவர் சங்கத் தலைவர் கிளேர் ஹாப்கின்ஸ் ஆகிய இருவரும் ஓர் அறிக்கை விடுத்தனர். முகர்திறன் இழந்தவர்கள், வேறு நோய்க்குறி இல்லாவிட்டாலும், ஏழு நாள் தனித்திருக்கச் சொன்னால் தொற்றுப் பரவல் குறையும் என்பது அவர்கள் கருத்து.

இக்கருத்துக்குச் சான்றுகள் தேவைப்பட்டன. அவையும் விரைவில் கிடைத்தன. ஈரானின் டெஹ்ரான் நகரில் மருத்துவமனையிலிருந்த 60 நோயாளிகளுக்கு 40 மணங்களைக் கொண்டு சோதனை நடத்தப்பட்டது. 59 பேருக்கு முகர்திறன் ஓரளவேனும் குறைந்திருந்தது. அவர்களுள் பலர் அக்குறையைத் தாமாக உணரவே இல்லை என்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். கைப்பேசிச் செயலி வழியே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் திரட்டிய தகவல்கள் மே மாதம் வெளியாயின. தொற்று உறுதியானவர்களில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் வாசனையோ சுவையோ தெரியவில்லை என்றனர்; தொற்று இல்லாதவர்களில் 22 விழுக்காட்டினரே அவ்வாறு கூறினர்.

அமெரிக்கா ஏப்ரலிலும், பிரிட்டன் மே 18ஆம் நாளிலும், இந்தியா ஜூன் 13ஆம் நாளிலும் இதனை நோய்க்குறியாக ஏற்றன. பிரிட்டனில் மருத்துவர் அறிக்கைக்கும் அரசு அறிவிப்புக்கும் இடையே 59 நாட்கள் கழிந்தன. அந்நாட்களில் காய்ச்சலும் இருமலும் இல்லாமல் வாசனையை மட்டும் இழந்தவர்களை வீட்டில் இருக்கச் சொல்லும் விதி அங்கில்லை.

வாசனை ஏன் மறைந்தது? சாதாரணச் சளியில் மூக்கு அடைபடுவதால் மணமுள்ள காற்று மேலே செல்வதில்லை. கோவிட் நோயிலோ மூக்கு திறந்திருந்தும் பலருக்கு மணம் தெரியவில்லை. மூக்கின் கூரைப் பகுதியில் மணத்தை உணரும் நரம்புச் செல்களும், அவற்றைச் சூழ்ந்து காக்கும் தாங்கு செல்களும் உள்ளன. வைரஸ் செல்லுக்குள் நுழைய ஒரு குறிப்பிட்ட புரதம் வாயிலாக அமைகிறது. அப்புரதம் நரம்புச் செல்களில் அல்லாமல் தாங்கு செல்களிலேயே இருக்கிறது என்று ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 ஜூலையில் அறிவித்தனர். காவலர் வீழ்ந்தால் நரம்புச் செல்களும் செயல் குன்றுகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் அழிவதில்லை. எனவேதான் பலருக்குச் சில வாரங்களிலேயே வாசனை திரும்பியது.

எல்லோருக்கும் அவ்வாறு திரும்பவில்லை. அத்தகையோருக்கு மருத்துவர்கள் பரிந்துரைத்தது 2009ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் குழுவினர் ஆராய்ந்த எளிய பயிற்சி. ரோசா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களை நாள்தோறும் இருவேளை, 12 வாரங்கள் கருத்தூன்றி முகர வேண்டும்.

பின்னர் வந்த ஓமைக்ரான் வகையில் முகர்திறன் இழப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆகவே 2020இல் பயன்பட்ட அடையாளம் எக்காலத்துக்கும் பொருந்தும் என்று கருதலாகாது. ஆனால் ஒன்று நினைவில் நிற்கட்டும். டெஹ்ரான் நோயாளிகளில் பலர் தாமாகக் கூறாத உண்மையை ஒரு சோதனை வெளிக்கொணர்ந்தது. நோயாளி சொல்வதைக் குறித்துக்கொள்வது மருத்துவத்தின் ஒரு பாதி. அவர் சொல்ல அறியாததைக் கேட்டறிவது மறுபாதி. அடுத்த பெருந்தொற்று எந்த உறுப்பில் தன் முதல் அடையாளத்தைக் காட்டுமோ, அதையும் யாரேனும் அருகில் அமர்ந்து கேட்டாக வேண்டும்.