தேயும் சக்கரங்களின் கதை

மின்சாரக் கார் வைத்திருப்போரிடமிருந்து இன்று அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்றுண்டு: டயர் விரைவில் தேய்கிறது, அதிலும் உள்விளிம்பு கம்பி தெரியுமளவு தேய்ந்திருக்க, வெளிப்பக்கம் புதிதுபோல் இருக்கிறது. இதைப் புதிய நோய் என்றே நாம் எண்ணிவிடுகிறோம். இதன் வேர் குதிரைவண்டிக் காலத்தில் இருக்கிறது. கதையில் ஒரு புத்தகப் பதிப்பாளரும் வருவதால், இலக்கிய அன்பர்களாகிய நமக்கும் இதில் சிறு பங்குண்டு.

ருடால்ஃப் ஆக்கர்மான் லண்டனில் ஓவிய நூல்களும் இதழ்களும் வெளியிட்டுப் புகழ்பெற்றவர். சாக்சனியில் பிறந்த அவர் வண்டி வடிவமைப்பும் அறிந்தவர். நெல்சனின் இறுதி ஊர்வல ரதம் அவர் வடிவமைத்ததே. 1818-இல், மியூனிக் நகர வண்டிக் கலைஞர் லாங்கென்ஸ்பெர்கருக்காக இங்கிலாந்தில் ஒரு காப்புரிமை பெற்றார். அதுவரை வண்டி திரும்பும்போது முன் அச்சு முழுவதும் நடு ஆணியைச் சுற்றித் திரும்பும். லாங்கென்ஸ்பெர்கரின் ஏற்பாட்டில் அச்சு அசையாது. இரு முனைகளிலும் சக்கரங்கள் மட்டும் தனித்தனியே திரும்பும். வளைவில் உட்சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடுவதால், உட்சக்கரம் சற்று அதிகமாகத் திரும்பவேண்டும். இல்லையேல் ஏதேனும் ஒன்று உருள்வதற்குப் பதில் தரையில் தேய்த்துக்கொண்டு இழுபடும். கண்டவர் பெயர் மறைந்து, பதிவுசெய்தவர் பெயரே இன்றும் அந்த வடிவியலுக்கு நிலைத்திருக்கிறது. பதிப்புலகில் இது நமக்குப் புதிதன்று.

இந்த வடிவியலை 1878-இல் செம்மைப்படுத்தியவர் பிரெஞ்சு வண்டித் தொழிலர் ஷார்ல் ழான்தோ. திசைதிருப்பும் கைகளின் கோடுகளை நீட்டினால் அவை பின் அச்சின் நடுவில் சந்திக்கவேண்டும் என்பது அவர் வகுத்த வழி. அவரே மின்சாரக் கார்களும் கட்டினார் என்பதுதான் நாம் மறந்துபோன செய்தி. 1898 டிசம்பர் 18-இல் அவருடைய மின்சாரக் கார் மணிக்கு 63 கிலோமீட்டர் வேகம் தொட்டு, நிலவேகச் சாதனைகளின் பட்டியலைத் தொடங்கிவைத்தது.

ஆனால் வடிவியலால் எடையை வெல்ல முடியவில்லை. 1897 ஆகஸ்டில் வால்டர் பெர்சியின் மின்சார வாடகை வண்டிகள் லண்டன் தெருக்களில் ஓடத் தொடங்கின. அவற்றின் முரலொலி கேட்ட மக்கள் 'ஹம்மிங்பேர்ட்' என்று பெயரிட்டனர். ஈய மின்கலங்களுடன் ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு டன். சில மாதங்களிலேயே டயர்கள் தேய்ந்தன; தேய்ந்த சக்கரம் அதிர்ந்தது; அதிர்வு மின்கலங்களைக் கெடுத்தது. 1899-இல் தொழில் நின்றுபோயிற்று. மின்சாரம் தோற்றதென்று வரலாறு எழுதுவோர், ரப்பர் தோற்றதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இன்றைய காரிலும் மின்கலத் தொகுதி சில நூறு கிலோ எடையுள்ளது. மோட்டாரின் முறுக்குவிசை மிதித்த கணமே சக்கரத்துக்கு வருகிறது. வேகத்தைக் குறைத்து மின்சாரம் மீட்கும்போதும் அதே டயர்தான் சுமையேற்கிறது. இவற்றோடு வீல் அலைன்மென்ட் பிழையும் சேர்ந்தால் கேட்கவேண்டியதில்லை. சக்கரத்தின் தலை உள்நோக்கிச் சாய்வது நெகட்டிவ் கேம்பர். வளைவில் பிடிப்புக்காக வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே வைப்பது. அது மட்டும் பெருந்தீங்கு செய்வதில்லை. அதனோடு, மேலிருந்து பார்க்கையில் இரு சக்கரங்களின் முன்பக்கம் விலகி நிற்கும் 'டோ-அவுட்' பிழையும் சேரும்போது, உள்விளிம்பு சீவப்படுகிறது. காற்றுத் தாங்கி வைத்த கார்கள் நெடுஞ்சாலையில் தாழும்போது சாய்வு பெரும்பாலும் இன்னும் கூடும். நின்று பார்ப்பவர் கண்ணுக்கு உள்விளிம்பு தெரியாது. காரை மேலே தூக்கி உள்ளங்கையால் தடவிப் பார்க்கவேண்டும்.

தேய்ந்த ரப்பர் எங்கே போகிறது? சியாட்டில் வட்டார ஓடைகளில் மழைக்குப் பின் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்னரே மடிந்துவந்தன. டயரில் சேர்க்கப்படும் 6பிபிடி என்னும் காப்புப்பொருள் ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் நஞ்சே காரணமென்று 2020 டிசம்பரில் வெளியான ஆய்வு காட்டியது. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற யூரோ 7 விதிகள், டயர் தேய்மானத்துக்கும் வரம்பு வகுக்க வழிசெய்தன. புகைக்குழாயே இல்லாத மின்சாரக் காரும் அதில் அடங்கும்.