ஐம்பதும் அறுபதும்: திருவண்ணாமலை வீடுகளில் இரு திரைகள்

தமிழ்நாட்டு அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளும், அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளும் ஐந்தாண்டு இடைவெளியில், எதிரெதிர்க் கட்சிகளின் ஆட்சிக்காலத்தில், ஒரே தேதியில் தொடங்கப்பெற்ற திட்டங்களின் வழி வந்தவை. முன்னதன் தொடக்கம் 2006 செப்டம்பர் 15, பின்னதன் தொடக்கம் 2011 செப்டம்பர் 15. இரண்டும் அண்ணா பிறந்த நாள். இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தில்லியில் தொடங்கியதும் 1959ஆம் ஆண்டின் அதே செப்டம்பர் 15 என்பது வெறும் தற்செயல். 1989இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திருவண்ணாமலையில், கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகளிலும் செங்கம், போளூர், கலசபாக்கம் பக்கத்து ஊர்களிலும், இவ்விரு பொருள்களும் ஒரே கூரையின்கீழ் வந்துசேர்ந்த வீடுகள் பல. மடிக்கணினியின் திரையும் பெரும்பாலும் 14 அங்குலமே என்றாலும், இரண்டையும் கம்பியால் இணைக்க முற்பட்டவர்க்குத் தெளிவற்ற எழுத்தும் துடிக்கும் படமுமே கிடைத்திருக்கும். அக்குறைக்குக் கம்பியோ கடைக்காரரோ காரணமல்லர். இரு கருவிகளும் வேறுவேறு மின்னுலகங்களில் பிறந்தவை என்பதே காரணம்.

தொலைக்காட்சியின் கதை மின்சாரத்தில் தொடங்குகிறது. திரை ஒரு வினாடியில் எத்தனை முறை புதிதாக வரையப்படுகிறது என்னும் கணக்கே புதுப்பிப்பு வீதம். அதன் அலகு ஹெர்ட்ஸ். வீட்டு மின்சாரம் ஐரோப்பாவில் வினாடிக்கு 50 சுழற்சிகளாகவும் அமெரிக்காவில் 60 சுழற்சிகளாகவும் அலைவதால், மின்னோட்டத்தின் இரைச்சல் படத்தில் ஊரும் பட்டைகளாகத் தெரியாதிருக்க, தொடக்ககாலப் பொறியாளர்கள் அந்தந்த நாட்டு மின்சாரத்தின் எண்ணையே திரைக்கும் வைத்தனர். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கொண்ட இந்தியாவும் அவ்வழியே சென்று, 1982 ஆகஸ்ட் 15இல் வண்ண ஒளிபரப்பு வந்தபோது 625 கோடுகள் கொண்ட ‘பால்’ முறையை மேற்கொண்டது. அவற்றுள் படமாகத் தெரிபவை 576 கோடுகளே. அவையும் ஒருசேர வரையப்படுவதில்லை: முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், பிறகு இரட்டைப்படைக் கோடுகள் என வினாடிக்கு 50 அரைப்படங்களாக வந்து 25 முழுப்படங்களாகின்றன. இடைப்பின்னல் எனப்படும் இம்முறை அலைவரிசையைப் பாதியளவில் சிக்கனப்படுத்தியது; கணினியை இணைக்க வந்தவர்க்குத் தலைவலியாக நின்றதும் இதுவே.

கணினித் திரையின் கதை 60 ஹெர்ட்ஸ் நாட்டிலிருந்து வந்தது. 1987இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட விஜிஏ முறை, 640×480 படப்புள்ளிகளை இடைப்பின்னலின்றி வினாடிக்கு ஏறத்தாழ 60 முறை வரைந்தது. படப்புள்ளி என்பது திரையின் மிகச்சிறிய ஒளிப்பொட்டு. அகலத்திலும் உயரத்திலும் அவை எத்தனை என்பதே பிரிதிறன். பால் முறைத் தொலைக்காட்சி வினாடிக்கு 15,625 கோடுகளை வரைய, விஜிஏ அதைப்போல் இரு மடங்கு, சுமார் 31,500 கோடுகளை வரைந்ததால், ஒன்றின் கம்பியை மற்றொன்றில் நேரே செருகிப் பயனில்லை.

இடையில் ஒரு மாற்றுப்பெட்டி வேண்டியிருந்தது. சென்னை ரிச்சி தெருவில் கிடைத்த அத்தகைய பெட்டிகள், மடிக்கணினியின் 1366×768 படத்தைச் சுருக்கி, அரைப்படங்களாகப் பிரித்து, மஞ்சள் நிற முனை கொண்ட ஒற்றைக் கம்பியில் ஒளியையும் நிறத்தையும் கலந்து அனுப்பின. அப்படிச் சுருங்கிய தமிழ் எழுத்தை அணுகிப் பார்த்தால் சேதம் விளங்கும். 768 கோடுகள் 576 ஆகும்போது நான்கில் ஒன்று மறைய, ஒரு கோட்டின் தடிமனே உள்ள கிடைக்கோடு ஓர் அரைப்படத்தில் மட்டும் இடம்பெற்று வினாடிக்கு 25 முறை மட்டுமே ஒளிர்ந்து துடிக்கும். மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ள, ‘க’வையும் ‘க்’கையும் பிரித்தறிய இயலாமற்போகும். திரைப்படம் பார்க்கப் போதுமான அதே பெட்டி பாடம் படிக்கப் போதவில்லை. போதாக்குறைக்கு, படக்குழல் பெட்டிகள் படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குள் மறைத்தே காட்டும் வழக்கமுடையவை. ஆதலால் கணினித் திரையின் அடியில் உள்ள பட்டையும் அதன் மூலையில் இருக்கும் கடிகாரமும் பார்வைக்கு அகப்படவில்லை.

தட்டைத் திரைகளும், 2002 இறுதியில் வகுக்கப்பட்ட எச்டிஎம்ஐ இணைப்பும் பரவிய பின் சிக்கல் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, இடம் மாறியது. ‘எச்டி ரெடி’ என்று விற்கப்பட்ட 32 அங்குலப் பெட்டிகள் பலவற்றின் உண்மையான பிரிதிறன் மடிக்கணினியின் அதே 1366×768. ஆயினும் எச்டிஎம்ஐ வழியே தொலைக்காட்சி தன்னைப் பற்றிக் கணினிக்கு அனுப்பும் விவரக்குறிப்பில் ஒளிபரப்புக்குரிய 1280×720, 1920×1080 ஆகியவை மட்டுமே பெரும்பாலும் இருந்தன. இதனால் கணினி படத்தை ஓர் அளவுக்கு மாற்ற, தொலைக்காட்சி அதை மீண்டும் தன் அளவுக்கு மாற்ற, எழுத்து இருமுறை மங்கியது. ஓரத்தை மறைக்கும் பழக்கமும் குழலோடு ஒழியவில்லை. ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’ என நிறுவனத்துக்கொரு பெயரில் பட்டியலின் ஆழத்தில் கிடக்கும் அமைப்பைத் தேடி மாற்றினால்தான் முழுப்படம் தெரியும். குழலே இல்லாத பெட்டியில் குழலின் குறையைக் கட்டிக்காத்ததற்கு நல்ல காரணம் சொல்வது கடினம்.

இவ்வூரில் இந்த வேறுபாடு நன்கு புலப்படும் காலம் கார்த்திகைத் தீபத் திருவிழா. 2020 நவம்பர் 29 அன்று, பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் வெளியூர் பக்தர்கள் வர இயலாதபோது, மகாதீபம் திரைகளிலேயே பெரிதும் காணப்பட்டது. ஏழாம் நாள் தேரோட்டத்தில் ஒளிப்படக்கருவி தேரைப் பின்தொடர்ந்து பக்கவாட்டில் நகரும் காட்சியை, 25 சட்டகங்களாக வரும் இணைய நேரலையில், 60 ஹெர்ட்ஸில் இயங்கும் மடிக்கணினி வழியே தொலைக்காட்சியில் பார்த்தால், சில சட்டகங்கள் இரு முறையும் சில மூன்று முறையுமாகக் காட்டப்படுவதால் தேர் விட்டுவிட்டு நகர்வதுபோல் தோன்றும். வீதத்தை 50க்கு மாற்றினால் ஒவ்வொரு சட்டகமும் சரியாக இரு முறை வந்து ஓட்டம் சீராகும்.

மலையுச்சித் தீபத்தில் வேறொரு வேற்றுமை தலைகாட்டும். கணினி கருப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் கணக்கிட, தொலைக்காட்சி மரபு அவற்றை 16, 235 எனக் கொள்கிறது. கணினியின் கணக்கில் வரும் படத்தைத் தொலைக்காட்சி தன் கணக்கில் வாசித்தால் 16க்குக் கீழான மங்கல் நிறங்களெல்லாம் ஒரே கருப்பாகி, மாலை ஆறு மணி வானத்தின்முன் தெரிய வேண்டிய அண்ணாமலையின் விளிம்பு அழிந்துவிடும். 2,668 அடி உயர மலை இல்லாமலே சுடர் மட்டும் தொங்கும். எதிர்மாறாக அமைந்தால் இருள் முழுவதும் சாம்பல் படரும்.

4கே பெட்டிகள் வந்தபின் எண்கள் பெரிதாயினவே அன்றி மரபுகள் ஒன்றாகவில்லை. 2009இன் எச்டிஎம்ஐ 1.4 துளை கொண்ட மடிக்கணினி 3840×2160 அளவில் வினாடிக்கு 30 படங்களையே அனுப்பும். சுட்டியின் அம்பு தயங்கித் தயங்கி நகர்வதைக் கண்டு பெட்டியைக் குறைசொல்பவர், 1920×1080க்கு இறங்கினால் 60 கிடைக்கும் என்பதை அறிவதில்லை. 60ஐ 4கே அளவிலும் தந்த எச்டிஎம்ஐ 2.0 வெளிவந்தது 2013இல். இந்திய உயர்தெளிவு ஒளிபரப்போ இன்றும் 50இலேயே நிற்கிறது. இந்நாட்டுத் தொலைக்காட்சிகள் இரண்டு வீதங்களையும் ஏற்க, கணினி மட்டும் கேளாமலே 60ஐத் தேர்ந்துகொள்கிறது.