பெயரும் குறியும்

பெயரிடுதல் வெறும் சமயச் சடங்கு என்று நாம் எண்ணிவிடுகிறோம். யூதரின் வரலாறோ வேறு கதை கூறுகின்றது. பபிலோன் சிறையிருப்பிலிருந்து மக்களை எருசலேமுக்கு அழைத்து வந்த செருபாபேலின் பெயருக்குப் 'பபிலோனின் வித்து' என்று பொருள் கூறுவர். எஸ்தர் நூலின் மொர்தெகாய், மர்தூக் என்னும் அந்நியத் தெய்வத்தை நினைவூட்டுகிறான். பின்னர், தொழுகைக் கூடத்துக்கு எபிரேயப் பெயர், சந்தைக்கும் கச்சேரிக்கும் ஊர்மொழிப் பெயர் என இரட்டை வழக்கு நிலைத்தது. உயிரோடிருக்கும் பாட்டனின் பெயரை அஷ்கெனாசியர் பேரனுக்கு இடார். செபார்தியரோ அதனையே மரியாதையாகக் கொள்வர். வேதம் என்னவோ இருவர்க்கும் ஒன்றுதான்!

1787இல் ஒஸ்திரியப் பேரரசன் இரண்டாம் யோசேப்பு, யூதர் நிலையான ஜேர்மன் பெயர்களைப் பூண வேண்டுமெனக் கட்டளையிட்டான். அவர்களைத் தன் குடிகளுள் கரைப்பது அவன் நோக்கம். நாஸிகளின் நோக்கமோ பிரித்துக் காட்டுவது. அரசு அங்கீகரித்த யூதப் பெயர்ப் பட்டியலில் இல்லாத பெயருடைய ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும், பெண்கள் 'சாரா' என்றும் மேலதிகப் பெயர் சேர்க்க வேண்டுமென 1938 ஆகஸ்ட் 17இல் ஆணை பிறந்தது. 1939 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. யாக்கோபு இரவெல்லாம் போராடிப் பெற்றதாக வேதம் கூறும் பெயர் இஸ்ரேல், சாரா குலத்தாய். அப்புனித நாமங்களைக் கொண்டே, மாட்டுக்குக் குறிசுடுவதுபோல் மனிதருக்குச் சுட்டார்கள்.

அவ்விதிகளை வகுப்பதில் பங்குகொண்ட அதிகாரி ஹன்ஸ் குளோப்கே. 1953 முதல் 1963 வரை, மேற்கு ஜேர்மனியில் அடெனவரின் அலுவலகத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.