பிழைபட்ட பெயரும் பிள்ளைகளின் மூளையுறை நோயும்

பிழைபட இட்ட பெயர், பிழை வெளிப்பட்ட பின்னரும் நிலைத்து நிற்பதுண்டு. 'ஹீமோபிலஸ் இன்புளுயன்சா' என்னும் நுண்ணுயிரின் பெயர் அத்தகையது. 1889இல் தொடங்கி உலகெங்கும் பரவிய இன்புளுயன்சாக் காய்ச்சலுக்குக் காரணம் இதுவே என 1892இல் பெர்லினில் ரிச்சர்டு பைபர் அறிவித்தார். அக்காய்ச்சலை உண்டாக்குவது வைரசு என்பதை 1933இல் இலண்டன் அறிஞர் நிலைநாட்டினர். பெயரோ மாறவில்லை.

இந்நுண்ணுயிர் வேறொரு கொடுமைக்கு உரியது. மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் தீங்கின்றித் தங்கும் இது, சிற்சில வேளைகளில் குருதியிற் கலந்து, மூளையைப் போர்த்துள்ள மெல்லிய உறைகளைச் சென்று பற்றும். ஐந்து வயதிற்குட்பட்டோரே, அவருள்ளும் இரண்டு வயது நிரம்பாதோரே, மிகுதியும் இதற்கு ஆளாயினர். தலைநோவைச் சொல்லத் தெரியாத பருவம் அது. பால் மறுத்தல், ஓயாத அழுகை, உச்சிக்குழி புடைத்தல், வலிப்பு ஆகியவற்றைக் கொண்டே நோயை உய்த்துணர வேண்டும். அதற்குள் காலம் கடந்துவிடுவதும் உண்டு.

1931இல் அமெரிக்க அறிஞர் மார்கரெட் பிட்மன் அம்மையார் இதன் உறையுடைய வகைகளை ஆறாகப் பகுத்து, மூளையுறையைத் தாக்குவது பெரிதும் 'பி' வகையே எனக் கண்டார். 1939இல் நியூயார்க்கில் ஹேட்டி அலெக்சாந்தர் அம்மையார் முயலின் குருதியிலிருந்து ஊனீர் மருந்து அமைத்தார். அதுவரை இந்நோயுற்ற குழந்தை பிழைத்தல் மிக அரிது. பின்னர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வந்தன. நல்ல மருத்துவம் கிடைத்தவிடத்து இறப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 5 ஆகக் குறைந்தது. ஆயினும் பிழைத்தோருள் நூற்றுக்கு 15 முதல் 30 பேர் செவிப்புலன் இழந்தோ, மூளைக் குறைபாடுற்றோ வாழ நேர்ந்தது. இறப்புக் கணக்கோடு வரலாற்றை முடித்தல் தகாது என்பது நம் கருத்து. மொழி பயிலத் தொடங்கும் பருவத்தே செவி இழந்த குழந்தை, கற்ற சில சொற்களையும் மறக்கக்கூடும். மொழியாராய்ச்சியை மேற்கொண்ட நாம் இதனை எளிதாகக் கடத்தல் இயலாது.

1985இல் நுண்ணுயிரின் உறையிலுள்ள சர்க்கரைப் பொருளைக் கொண்டு அமைத்த தடுப்பு மருந்து, இரண்டு வயதிற்குட்பட்டோர் உடலில் போதிய எதிர்ப்பாற்றலை எழுப்பவில்லை. நோய்க்கு இலக்கானோரோ அவரே. அப்பொருளைப் புரதத்தோடு பிணைத்த பின்னரே தடை நீங்கியது. 1990 முதல் அமெரிக்காவில் கைக்குழந்தைகட்கும் அஃது இடப்பட்டது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 20,000 ஆக இருந்த கடுந்தாக்குகள் நூற்றுக்கு 99 பங்கு குறைந்தன. தமிழகத்தில் 2011 திசம்பரில், ஐந்நோய்த் தடுப்பூசியின் ஒரு கூறாக அரசு அதனை வழங்கத் தொடங்கியது.

தமிழிலும் பெயர்ச்சிக்கல் உண்டு. வழக்கிலுள்ள 'மூளைக்காய்ச்சல்' என்னும் சொல், மூளையுறையின் அழற்சியையும், கொசுவால் பரவும் சப்பானிய வைரசு முதலியவற்றால் மூளைக்கே நேரும் அழற்சியையும் ஒருங்கே குறிக்கின்றது. இவற்றின் காரணம் வேறு, தடுப்பூசியும் வேறு. ஒன்றற்கு ஊசியிட்ட பெற்றோர் மற்றதற்கும் காப்பு அமைந்ததெனக் கருத இச்சொல் இடந்தருகின்றது. ஆதலின் முன்னதை 'மூளையுறை அழற்சி' என்றும், பின்னதை 'மூளை அழற்சி' என்றும் தடுப்பூசி அட்டைகளிலேனும் பிரித்து எழுதுதல் வேண்டும்.